அம்மா சொல்ல வேண்டிய கணக்கு

ஓசூர்
6-1-1991

அன்புள்ள தேவமணி அக்காவுக்கு,

சீலி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்தபோது மாடிப்படி ஏறவே சிரமப்பட்டாள். அப்பா பிரஷர் மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை இன்னும் ஜன்னல் வழியாக எறிகிறாரா?

ஒரு சேதி. எனக்கு சென்சஸ் டூட்டி வந்துவிட்டது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி தொடங்கி மாதக் கடைசி வரை வீடு வீடாகப் போய் ஆட்களை எழுத வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். யார் வீட்டுக் கதவையும் தட்டி, உள்ளே யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கலாம், அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

பயிற்சி வகுப்பில் தாசில்தார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு ஆள் விட்டுப்போச்சுன்னா அடுத்த பத்து வருசத்துக்கு அந்த ஆளு இந்த நாட்டுலயே இல்லாத மாதிரி. ஸ்கூலு, ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் இந்த எண்ணிக்கைய வெச்சுத்தான்." இன்னொன்றும் சொன்னார். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு இடத்தில் மூச்சு விடக்கூடாது. கட்டின புருஷனிடமும் கூடப்பிறந்தவளிடமும் கூடச் சொல்லக்கூடாது. சட்டமே அப்படித்தானாம்.

வயது, படிப்பு, தாய்மொழி, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று நிறையக் கேள்விகள். கல்யாணமான பெண்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. இதுவரை உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, அதில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. ஆண் தனி, பெண் தனி. அதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா அப்பாவுக்கு என் அன்பு. உடனே பதில் போடு.

சீலி

*

கிருஷ்ணகிரி
14-1-1991

அன்புத் தங்கை சீலிக்கு,

அக்கா எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிறேன், வலி தேவலை. அப்பா மாத்திரையை இப்போது ஜன்னலில் எறிவதில்லை, செடித் தொட்டியில் போடுகிறார். உன் அத்தான் மாங்கூழ் பேக்டரிக்குப் போகிறார், வருகிறார். சீசன் இல்லாததால் நேரத்துக்கு வந்து என்னைத் தொந்தரவு செய்கிறார்.

அடியே, கூடப்பிறந்தவளிடமும் சொல்லக்கூடாது என்று எந்தத் தாசில்தார் சொன்னது? ஊரான் வீட்டுக்குள் எல்லாம் நுழைந்து பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என் தலை வெடித்துவிடும். பெயரைச் சொல்ல வேண்டாம், தெருவைச் சொல்ல வேண்டாம். கதையையாவது எழுது. நான் இங்கே குழம்புக்கும் துணிக்கும் நடுவில் கிடக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாயே, எனக்கும் அதே கவலை. இங்கேயும் கணக்கெடுக்க வருவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். தம்பி ஜெபதுரையைப் பற்றி அம்மா என்ன சொல்வாள்? டீச்சர் டிரெயினிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓசூர் பேக்டரிக்குப் போகிறேன் என்று அவன் நின்றதும், "கையில கிரீசு பூசிக்கிட்டு இந்த வாசப்படி ஏறாதே"ன்னு அப்பா கத்தினதும் ஆறு வருஷம் ஆகியும் என் காதில் இருக்கிறது. கொஞ்ச நாள் அம்மாவுக்குக் கடிதம் போட்டான். அப்புறம் அதுவும் நின்றது. பிறகு எந்த பேக்டரியிலோ மெஷினில் மாட்டி நம்ம பக்கத்துப் பையன் ஒருவன் செத்தான் என்று ஒரு பேச்சு வந்தது. அது அவனா, இல்லையா, இன்றுவரை தெரியாது. யார் கேட்டாலும் அப்பா "எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்கிறார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

நீ ஓசூருக்கு மாற்றலாகி இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் பள்ளிக்கூடம், வீடு என்று இருந்தாய். இப்போது வீடு வீடாகப் போகிறாய். கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்.

அக்கா தேவமணி

*

ஓசூர்
13-2-1991

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வெயிலில் நடந்து என் மூக்கு மட்டும் கறுத்துவிட்டது. இன்று லெந்து நோன்புக் காலம் தொடங்குகிறது, நீங்கள் எல்லோரும் ஆராதனைக்குப் போயிருப்பீர்கள். நான் ஒரு ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு குடும்பத்தையே எழுதிக்கொண்டிருந்தேன்.

கதை கேட்டாயே, இந்தா. இங்கே பேக்டரி ஆட்கள் தங்கும் ரூம்களை நீ பார்க்க வேண்டும். ஒரு கட்டில், மூன்று ஷிப்டு. ஒருவன் எழுந்து போனதும் அடுத்தவன் அதே சூட்டில் படுக்கிறான். எப்போது போனாலும் பாதி ஆட்கள் தூங்குகிறார்கள், மீதி ஆட்கள் வேலையில். முழித்திருக்கும் ஒருவனைக் கேட்டால், "எங்களை எதுக்கு மேடம் எழுதறீங்க? ஊர்ல எங்கம்மா எழுதிக்கும்" என்கிறான். அம்மாவைக் கேட்டால், "அவன் ஓசூர்ல இருக்கான், அங்க எழுதிக்குவாங்க" என்றுதான் சொல்வாள். இப்படியே அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் ஒரு ஊர் ஜனமே காணாமல் போய்விடும் போலிருக்கிறது. எங்கே தங்கி வேலை செய்கிறாயோ அங்கேதான் எழுத வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தூங்குகிறவனையும் எழுப்பி எழுதுகிறேன். ஒருவன் கண்ணைத் திறக்காமலேயே வயது, படிப்பு எல்லாம் சொல்லிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தான்.

இன்னொரு வீட்டில் ஒரு அம்மாளிடம் தாய்மொழி என்ன என்றேன். "வூட்ல தெலுங்குங்க. சந்தைல கன்னடம். உங்களாண்ட தமிழ். எது உங்களுக்கு வசதியோ அத எழுதிக்கோங்க" என்றாள். உங்கள் அம்மா உங்களை எந்தப் பாஷையில் திட்டுவாள் என்று கேட்டேன். யோசிக்காமல் தெலுங்கு என்றாள். எழுதிக்கொண்டேன்.

அப்புறம், கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரூமிலும் படுத்திருப்பவன் போர்வையை விலக்கும்போது முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இதுவரை அவன் இல்லை.

சீலி

*

கிருஷ்ணகிரி
17-2-1991

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். குறட்டை விட்டவன் கதைக்கு அம்மா சிரித்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார், ஆனால் அந்த நேரம் முழுக்க ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

நம் பகுதிக்கு சென்னப்பன் சார் வருகிறார். பேட்டைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பாரே, அவர்தான். அடுத்த தெருவரை வந்துவிட்டார். நான் வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டிலும் அவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடி வீட்டில் ரொம்ப நேரம் இருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். "அது அந்த வீட்டு சமாச்சாரம்மா" என்று போய்விட்டார். நீங்கள் எல்லோரும் ஒரே அச்சுதான்.

அம்மா நேற்று அவரைக்காய் உரித்துக்கொண்டே என்னைக் கேட்டாள்: "இருக்கறானா இல்லையான்னு தெரியாதவங்கள எப்படி எழுதுவாங்க? தெரியாதுன்னு எழுத எடம் இருக்குமா?" அது உனக்குத்தான் தெரியும். சார் வருவதற்குள் நீ எழுது. அம்மா தூங்கவே இல்லை.

அக்கா

*

ஓசூர்
20-2-1991

அக்காவுக்கு,

சுகம். எல்லோர் சுகத்துக்கும் பதில் போடு.

இந்த முறை கதை ஒன்றும் இல்லை. நேற்று நாலைந்து வீடுதான் முடிந்தது. ஒரு வீட்டில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தார்கள். இடது கையால் தந்தார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அம்மா கேட்டதற்குப் பதில்: தெரியாது என்று எழுத இடம் இல்லை. பெற்றது ஒரு பையன், இரண்டு பெண். இருப்பதும் ஒரு பையன், இரண்டு பெண். அப்படியே சொல்லச் சொல். யார் என்ன சொன்னாலும் மாற்ற வேண்டாம் என்று சொல்.

ஏன் என்று மட்டும் கேட்காதே.

சீலி

*

கிருஷ்ணகிரி
25-2-1991

சீலிக்கு,

இங்கே சுகம் என்று வழக்கமாக எழுத வேண்டும். எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குத் தனியாகப் படித்தேன். திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் சென்னப்பன் சார் வந்தார். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்லும் ஹெட்மாஸ்டர் மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அம்மாவின் முறை வந்தது.

"பொறந்த பிள்ளைங்க எத்தனைம்மா?"

"பையன் ஒண்ணு, பொண்ணு ரெண்டு."

"இப்ப உசிரோட?"

அப்பா முந்திக்கொண்டார். "ரெண்டு பொண்ணு. அவ்வளவுதான். எழுதுங்க."

சார் எழுதவில்லை. "இந்தக் கேள்வி அம்மாவுக்கு சார். அவங்க சொல்றதத்தான் எழுதணும்" என்றார். அப்பாவிடம் ஒருவர் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவள். "பையன் ஒண்ணு. பொண்ணு ரெண்டு. எல்லாம் உசிரோட இருக்காங்க" என்றாள். நீ எழுதின கணக்கை மாற்றவே இல்லை சீலி. அப்பா எழுந்து வெளியே போனார். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

இப்போது நீ சொல். பார்த்தாயா? அவன்தானா? எப்படி இருக்கிறான்? இடது கையால் ஏன் தந்தான்? சொல்லாவிட்டால் நாளைக்கே பஸ் ஏறி வந்து உன் ஏரியாவில் ஒரு வீடு விடாமல் நானே கணக்கெடுப்பேன்.

இதையெல்லாம் நான்தான் கேட்கிறேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்ச் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மறுபடி எல்லா வீட்டுக்கும் வந்து, புதிதாகப் பிறந்தது, இறந்தது உண்டா என்று பார்ப்போம் என்று சார் சொல்லிவிட்டுப் போனதை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஓசூருக்குத் துணி எடுத்துப் போகும் லால் பாஷா பாயிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறாள். அவரையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி, மாடியில் காயவைத்த பிதுக்கம்பருப்பு. அந்த முழங்காலோடு மாடி ஏறினாள். "ரெண்டாவது தடவ போறப்ப, எந்த வீட்டுல குடுக்கணும்னு அவளுக்குத் தோணுதோ அங்க குடுக்கட்டும். எந்த வீடுன்னு எனக்குச் சொல்ல வேணாம்" என்றாள்.

தேவமணி

*

ஓசூர்
5-3-1991

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா சொன்ன பதிலைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பம்படியில் நின்று முகம் கழுவினேன். பிள்ளைகள் "டீச்சர் கண்ணுல தூசி" என்று ஆளுக்கு ஒரு துணியைக் கொண்டுவந்தார்கள்.

நீ வராதே. வந்தாலும் வீட்டைக் காட்ட மாட்டேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் ஒரு வாக்கும் கொடுத்திருக்கிறேன். அவசரப்பட்டு நாலு பேர் போய் நின்றால் அந்த வீடு காலியாகிவிடும். வாடகை வீடுதானே. காலியானால் மறுபடி கண்டுபிடிக்க இன்னொரு சென்சஸ் வரவேண்டும்.

இரண்டாவது சுற்று இன்று முடிந்தது. பொட்டலத்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டார்கள். சொல்லக்கூடாது என்றேன். அந்த வீட்டில் என்னையும் ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கும் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னேன். அக்கா, கேட்பது சுலபம் என்று நினைத்துத்தானே இந்த வேலைக்குச் சந்தோஷப்பட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் உயிரை வாங்குகிறது.

எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சீலி

*

கிருஷ்ணகிரி
9-3-1991

அன்புத் தங்கைக்கு,

சுகம், பொறுத்துக்கொள்கிறேன். என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பெரிய நோன்பு இல்லை.

சென்னப்பன் சார் திங்கட்கிழமை மறுபடி வந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பாதான் இருந்தார். "ஏதாவது மாத்தம் உண்டா சார்?" என்று சென்னப்பன் சார் கேட்டுவிட்டுப் பேனாவோடு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "இல்ல. அவ சொன்னதே இருக்கட்டும்" என்றார்.

சார் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். அந்தச் சாவுப் பேச்சு வந்த சமயத்தில், தர்மபுரியில் நம் சபையின் டயோசிஸ் கூட்டம் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? ஓசூருக்குத்தான் போயிருக்கிறார். பேக்டரி கேட் ஒவ்வொன்றிலும் நின்று வாட்ச்மேன்களிடம் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. "செத்தது அவந்தான்னு முடிவு பண்ணிக்கிட்டேன். எங்கூடவே இருக்கட்டும், உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம், கோவத்துல சொல்றேன்னே நெனச்சுக்கட்டும்னுதான் ரெண்டு பொண்ணுன்னு சொன்னேன்" என்றார். நான் இத்தனை வருஷமும் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயமும் துக்கமும்தான் சீலி.

பிறகு உன் பழைய கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். இடது கை என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

அக்கா

*

ஓசூர்
21-3-1991

அம்மாவுக்கு,

ஜெபதுரை எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் அப்பாவும் அக்காவும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். இங்கே வந்த இரண்டாவது வருஷம் பிரஸ் மெஷினில் வலது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. என்னோடு இருந்த ஒரு பையன் இன்னொரு விபத்தில் போயே விட்டான். எனக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள், இப்போதும் அதே வேலைதான். அப்பா கிரீஸ் கையோடு வராதே என்றார். நான் கையையே பாதி தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு வருவது? ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள இன்னும் கூச்சமாகிவிட்டது.

சீலியை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். எதிர்ப் பக்கம் போய்விடுவேன். கடைசியில் அவளே கதவைத் தட்டினாள். நைட் ஷிப்டு முடித்துப் படுத்திருந்தேன். காவேரி, என் மனைவி, அவள்தான் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குடும்பத் தலைவர் பெயர் என்று கேட்டதும் என் பெயரைச் சொன்னாள். கேட்ட குரல் அப்படியே நின்றுவிட்டது. அதில்தான் எழுந்தேன். சீலி அழுதாள். நான், "கணக்கெடுக்க வந்த டீச்சரா வந்தே, அப்படியே போயிடு. யாருக்கும் சொல்லாதே" என்றேன். என் தங்கையிடம் அப்படிப் பேசினேன். அவள் மீதிக் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்து, எழுதிக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

மறுபடி வந்தபோது ஒரு பொட்டலம் வைத்தாள். காவேரிக்குப் பேரிகைப் பக்கம்தான் ஊர். பிரித்ததும், "எங்கூரு அவரைப் பருப்பு மாதிரி இருக்கு, யாரோ பாவம் உட்காந்து பிதுக்கியிருக்காங்க" என்றாள். எனக்கு யார் என்று தெரியும். எங்கள் பாப்பா அன்றைக்குக் களியை அந்தப் பருப்புக் குழம்பில் தொட்டுத் தொட்டு மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றாள்.

அப்போது சீலியிடம் ஒன்று கேட்டேன். "அம்மாகிட்டயும் இந்தக் கேள்வி கேட்டிருப்பாங்களே. உசிரோட இருக்கற பையன்னு கேட்டப்ப என்ன சொல்லிச்சு?" அவள், "அது அந்த வீட்டுக் கணக்கு, வெளிய சொல்லக்கூடாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து ஸ்டோரில் நட்டு போல்ட்டை எடுத்துக் கொடுக்கும்போதும் அதே யோசனை. காவேரி, "இங்க மண்டைய ஒடச்சிக்கறதுக்கு அங்கயே கேட்டுடு" என்கிறாள்.

ஆகையால் கேட்கிறேன் அம்மா. என்னை எப்படிச் சொன்னாய்? இருக்கிறான் என்றா, இல்லை என்றா? எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். என் விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

உன் மகன்
ஜெபதுரை

*

கிருஷ்ணகிரி
25-3-1991

ஜெபதுரைக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் உன்னை வைத்திருக்கிறார், அது போதும். என் முழங்கால் உன் கடிதம் வந்த அன்று மட்டும் வலிக்கவில்லை.

உன் எழுத்து கோணல்தான். வலது கையால் எழுதின காலத்திலும் இப்படித்தான் இருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. விரல் போன சேதியை உன் அப்பாவுக்கு நான்தான் படித்தேன். தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் சொன்னதைச் சென்னப்பன் சார் எழுதிக்கொண்டு போய்விட்டார். அதை வெளியே சொல்லக்கூடாது என்று உன் தங்கை சொன்னாள் அல்லவா. கடிதத்தில் எழுதினால் தபால்காரர் முதல் உன் அக்கா வரை நாலு பேர் படிப்பார்கள். நேரில் வந்து கேள், சொல்கிறேன். ஈஸ்டர் ஞாயிறு வருகிறது. காவேரியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. இன்னும் கொஞ்சம் பிதுக்கம்பருப்பு எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னும் எழுதலாம். ஆனால் இதைத் தபாலில் போட உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "முடிச்சியா, முடிச்சியா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் நிறுத்துகிறேன்.

அம்மா